ஆறக் கூடாத எலிகள்

அருள்பாண்டி முனைவர் ஆவதற்கு ஆறு எலிகள் புண்ணோடு இருந்தாக வேண்டும்.

வெட்டுக்காயப்பூண்டு புண்ணை ஆற்றும், வீக்கத்தை வற்ற வைக்கும் என்பது எழுமலையில் அவன் வீட்டு மாட்டுக்கே தெரியும். பல்கலைக்கழகத்துக்குத்தான் தெரியாது. தெரியப்படுத்துவதற்காகப் பன்னிரண்டு எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகில் ஒரே அளவாகத் தோலை வெட்டினான். ஆறுக்கு இலைச்சாறு கலந்த களிம்பு. மற்ற ஆறுக்கு வெறும் வாசலின். எட்டு மாதம் காய்ச்சி வடித்த சாறு அது. செடியோ எலிக்கூடத்துச் சுவரோரம் கேட்பாரற்றுக் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் அளந்தால், பன்னிரண்டு முதுகும் ஒன்றுபோல ஆறியிருந்தன. வெறும் வாசலின் போட்டவை இவ்வளவு சீக்கிரம் ஆறியிருக்கக் கூடாது. போன மாதம்தான் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்த சோலையம்மாளிடம் ஓடினான்.

"அக்கா, இந்த வரிசை எலிக்கு ஏதாச்சும் போட்டீங்களா?"

"நீங்க அந்தப் பக்கம் மட்டும் மருந்தப் போட்டுட்டுப் போயிர்றீக. இதுக என்ன பாவம் பண்ணுச்சு? வெளிய கெடக்குற தழையத்தான் தெனமும் கசக்கிப் பிழிஞ்சு விட்டேன். ஏன் தம்பி, ஆறலையா?"

புது எலிகளுக்கு அனுமதி வர ஆறு மாதம் ஆகும். அவனுடைய கெடுவோ மார்ச்சோடு முடிகிறது. வழிகாட்டி அனந்தராமன் நோட்டைப் புரட்டினார்.

"அந்தம்மா கதையை எழுதினா, கூடத்தைப் பாத்துக்கத் தெரியலைன்னு யுனிவர்சிட்டில என்னைத்தான் கேப்பா. ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி ஆறியிருக்கு. அப்படியே எழுது. இலையால் பலன் இல்லை."

"சார், இலையாலதான் சார் எல்லாமே ஆறுச்சு."

"ஒரு நம்பரையாவது மாத்தச் சொன்னேனா? நேர்மையா எழுதுப்பா."

நேர்மையாக எழுதினான். எழுத்துப்பிழைகூட இல்லை.

மறுநாள் சோலையம்மாள் கூண்டுகளைத் தூக்கி வந்து மேசையில் வரிசையாக வைத்தாள்.

"அம்புட்டும் ஆறிப்போச்சு. இனி இதுகள எங்க விடுவீக தம்பி?"

"கொல்லணும்க்கா. தோலை அறுத்துப் பாத்தாத்தான் எப்படி ஆறுச்சுன்னு தெரியும்."

"எப்படி ஆறுச்சுன்னுதான் நான் சொன்னேனே!"

"அதை எழுத முடியாதுக்கா" என்றபடி கையுறையை மாட்டிக்கொண்டு, அவள் பக்கம் பார்க்காமல் முதல் கூண்டைத் திறந்தான்.