பச்சை விதை

கிஸ்லேன் தோட்டத்தில் இறங்கினால் பிரான்சின் பொமெரோல் ஊர்த் திராட்சைக்காரர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். ஒரு திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள், தோலை மெல்லுவாள், விதையைக் கடித்து உள்ளங்கையில் துப்பிப் பார்ப்பாள். பிறகு ஒரே வார்த்தை: "பொறுங்க." வானமே இடிந்து விழுந்தாலும் சரி, விதை பழுப்பாகி நறுக்கென்று உடையும்வரை யாரும் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. அந்த வார்த்தையைக் கேட்கத்தான் சிலியிலிருந்தும் லெபனானிலிருந்தும் விமான டிக்கெட் அனுப்பி அழைத்தார்கள். அவளை நம்பி மழையில் பழத்தை அழுகவிட்டவர்களும் உண்டு. அவர்களும் மறுவருடம் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

முதலில் கூப்பிட்டவர் பொமெரோல் தோட்டக்காரர் அன்செல்ம். பெண் கால் வைத்தால் ஒயின் புளித்துவிடும் என்று ஊரே முகம் சுளித்த காலத்தில், கிடங்குச் சாவியை அவள் கையில் கொடுத்த மனிதர்.

இந்த செப்டம்பரில், அன்செல்ம் இனி பிழைக்கமாட்டார் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்செல்மின் மகள் ஓடில் வாசலிலேயே கிஸ்லேனை மறித்தாள்.

"தொட்டி நிறைய புதுச்சாறு பாத்துட்டுத்தான் போவேன்னு அப்பா அடம் புடிக்கிறாரு. இந்த வாரம் தாண்டாதாம். நாளைக்கே பறிக்கலாம்னு சொல்லிடுங்களேன். உங்க பேச்ச அவரு தட்டமாட்டாரு."

சக்கர நாற்காலியில் கொடி வரிசைக்கு வந்திருந்தார் அன்செல்ம். கிஸ்லேன் மெர்லோ ரகத் திராட்சை ஒன்றைக் கடித்தாள். விதை பச்சை, நாக்கு துவர்த்து ஒட்டிக்கொண்டது.

"பழுத்தாச்சு. நாளைக்கே பறிக்கலாம்."

கிழவர் அவளையே பார்த்தார்.

"விதை எங்க?"

"என்னது?"

"இத்தன வருஷத்துல நீ விதைய முழுங்கி நான் பாத்ததே இல்லடி. பொய் சொல்லவும் துப்பில்ல உனக்கு."

தானே ஒரு பழத்தைப் பிய்த்து மென்று துப்பினார். பச்சை.

"எனக்காக ஒரு வருஷ ஒயினப் பாழாக்காத. பொறு."

கிஸ்லேனுக்கு அழுகை பொங்கிவிட்டது. அவர் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பிசுபிசுத்த விரல்களால் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "பெரிய நிபுணராம்" என்று சிரித்தார் அவர்.

அந்த வாரமே அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்து திரும்பும்போது மேகம் திரண்டிருந்தது. பறிக்க வந்த ஆட்கள் தோட்டத்து ஓரமாக நின்றார்கள்.

"ஆரம்பிக்கலாமாம்மா?"

கறுப்பு உடையோடு கிஸ்லேன் வரிசைக்குள் போனாள். கடித்தாள். இந்த முறை விதையை உள்ளங்கையில் துப்பினாள், வெகுநேரம் பார்த்தாள். இன்னும் பச்சை.

"பொறுங்க," என்றாள்.