அரைச் சுற்று

கல்யாணமான மறு வருஷம் என் வீட்டுக்காரர் பழைய படகு மோட்டார் ஒன்றை வாங்கி வந்தார். படகைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார். படகு இன்னும் வரவில்லை. மோட்டார் மட்டும் பின்னறையில், வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வரும் ஒரே ஜன்னலுக்குக் கீழே, மரச் சட்டத்தில் தொங்கிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறது. தையல்காரியான நான் நடையில் பல்பைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் அதைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போவார். நான் துணி அலசும் டிரம்மில் அதன் காலை முக்கிவிட்டுக் கயிற்றை இழுப்பார். அது இருமும், புகைவிடும், நின்றுவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் பல் தேய்க்கும் பிரஷால் தேய்ப்பார். பழைய பிரஷ் என்று நினைத்தாராம். பிறகு கார்புரேட்டரில் இருக்கும் சின்னத் திருகை இறுக முடுக்கி, அரைச் சுற்று மட்டும் திறந்துவிடுவார். அதற்கு மேல் திறந்தால் மோட்டார் பெட்ரோலில் முழுகிவிடும் என்பது அவர் கட்சி.

கறுப்புச் சட்டைக்கு நீல நூல் போட்டுத் தைத்து, வாடிக்கைக்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. ஏரியில் படகு ஓட்டும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகவும், மோட்டார் ஓடினால் அன்றைக்கே எடுத்துப் போவதாகவும், ஓடாவிட்டால் தனக்கு வேண்டாமென்றும் சொன்னான். இவரிடம் சொன்னேன். ஆகட்டும் என்று தலையாட்டினார். அந்த நல்லபிள்ளைத்தனத்தைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை, அண்ணன் வருவதற்குள், மோட்டார் முன்னால் குந்தியிருந்தார். எட்டிப் பார்த்தேன். திருகை முடுக்கவில்லை, திறந்துகொண்டிருந்தார். ஒரு சுற்று, அப்புறம் இன்னொரு சுற்று. மோட்டாரை மூழ்கடித்து, ஓடாது என்று காட்டப் பார்க்கிறார். என்னைக் கண்டதும் ஸ்க்ரூடிரைவரால் முதுகு சொறிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டான். அவன் முன்னால் புருஷனைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை. இனி அந்த ஜன்னல் எனக்கில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அண்ணன் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தான். மோட்டார் பிடித்துக்கொண்டது. டிரம் தண்ணீர் பொங்கி மூன்று பேரையும் குளிப்பாட்டியது. நிறுத்தி மறுபடி இழுத்தான். மறுபடியும் ஒரே இழுப்பில் ஓடியது. இத்தனை வருஷமும் அரைச் சுற்றில் அதைப் பட்டினி போட்டிருக்கிறார், இன்றைக்குத்தான் அதற்கு வயிறு நிறைந்திருக்கிறது என்று எனக்கே விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கவில்லை. நனைந்த தலையோடு மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளைக்குக் கைராசி என்று அண்ணன் பாராட்டியது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இல்ல மச்சான், இதைக் குடுக்க முடியாது" என்றார். "ஓடுது, சரி. ஏன் ஓடுதுன்னு தெரியலையே. ஒரு தடவை கழட்டிப் பாத்துடறேன்."

அவர் கை ஸ்க்ரூடிரைவரைத் தேடியது. நான் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"நம்ம குடும்பமுந்தான் இத்தனை வருஷமா ஓடுது" என்றேன். "ஏன் ஓடுதுன்னு எனக்கும் தெரியல. நான் என்ன கழட்டியா பாத்தேன்?"

அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இவர் என்னைப் பார்த்தார். பின்னறை ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, மோட்டாரின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

வண்டியில் ஏற்றிய பிறகு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஆனாலும் அந்தத் திருகை மட்டும் தொட்டுடாதீங்க, மச்சான்."