ஹீட் பம்ப்புக்கு ஒரு மர வீடு

1

"கரன்ட் வந்ததும் உன் ஹீட் பம்ப் தானா ஓடுமா?" என்று கடை வரிசையில் ஹெர்டிஸிடம் கேட்டேன்.

"ஓடாது."

"என்னோடது ஓடுதே."

"உன்னோடது ஓடட்டும். என்னோடது ஓடிட்டா ஒட்வார் எதுக்கு வருவாரு?"

சொல்லிவிட்டு, உருளைக்கிழங்குப் பையை முதல்முறை பார்ப்பவள்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. எழுதட்டுமா என்று கேட்டதற்குப் பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன். வட நார்வேயில் இவ்வளவு சிறிய தீவில் அதனால் என்ன பயன் என்பது வேறு விஷயம்.

2

முதல் தொடக்கம்: "புயல் ஓய்ந்த காலையில், வெண்பனிப் போர்வைக்குள் தீவு உறங்கிக்..."

(அடித்துவிட்டேன். இங்கே பனியைப் போர்வை என்று யாரும் நினைப்பதில்லை. அள்ளித் தள்ள வேண்டிய வேலை, அவ்வளவுதான்.)

நேராகவே சொல்கிறேன். ஹெர்டிஸ் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கணவரை இழந்தவள். பக்கத்து வீட்டு ஒட்வார் படகுத்துறையில் நாற்பது வருடம் எஞ்சின் பார்த்தவர், தனியாக வாழ்பவர். எங்கள் தீவில் வேலை இல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. மண்வெட்டி கேட்கப் போகலாம், பாத்திரம் திருப்பித் தரப் போகலாம். "சும்மாதான் வந்தேன்" என்று ஒருவர் வாசலில் நின்றால், யார் இறந்தது என்று கேட்போம்.

மூன்று குளிர்காலமாக ஒட்வாருக்கு அந்த வேலையைத் தந்தது ஹெர்டிஸின் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப். இப்போது அவர் வீட்டை விலைக்குப் போட்டிருக்கிறார். மார்ச்சில், தெற்கே பெர்கன் நகரில் இருக்கும் மகளிடம் போகிறார். போகாதீர்கள் என்று சொல்ல ஹெர்டிஸுக்கு மூன்று மாதமாக ஆசை. சொல்லத்தான் வரவில்லை.

3

ஹெர்டிஸ்மேல் எனக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அவள் பம்ப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது: பிரேக்கரை இறக்கு, ஐந்து நிமிடம் பொறு, வெளியே இருக்கும் விசிறியில் அடைத்த பனியை நீக்கு, பிரேக்கரை ஏற்று. அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். இது ஏமாற்று இல்லையா என்று கேட்டேன்.

"ஓடலன்னுதான் சொன்னேன். சரிபண்ணத் தெரியுமான்னு அவரு கேக்கவே இல்லயே" என்றாள்.

(கையேட்டின் ஐந்து நிமிடம் வேறு, ஒட்வாரின் ஐந்து நிமிடம் வேறு. பின்னதில் இரண்டு கோப்பை காபியும், பழுப்புச் சீஸ் வைத்த நான்கு வாஃபிளும் அடங்கும்.)

அடுத்த சந்தேகம் ஒட்வார்மேல். சுவருக்கு வெளியே நிற்கும் இயந்திரம் வீட்டின் அழகைக் கெடுக்கிறது என்று, அதற்கு ஒரு சின்ன மர வீடு கட்டிக் கொடுத்தவர் அவர்தான். சிவப்புச் சாயம், வெள்ளை ஓரம். எங்கள் ஊரில் பாதிப்பேர் இப்படிக் கட்டியிருக்கிறோம். புயலடித்தால் பலகை இடுக்குகளில் பனி அடைத்து, விசிறி மூச்சுத் திணறி நின்றுவிடும். ஒட்வார் காற்றைத் திட்டுவார், மின்வாரியத்தைத் திட்டுவார். அந்த வீட்டை மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

முதல் வரைவில் அவரை அசடாக எழுதியிருந்தேன். நாற்பது வருடம் எஞ்சின் அறையில் இருந்தவருக்கு, இயந்திரத்துக்குக் காற்று வேண்டும் என்று தெரியாதா?

4

ஜனவரிப் புயலுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கரன்ட் வந்தது. பத்தேகாலுக்கு ஹெர்டிஸ் போன் செய்தாள். பத்தரைக்கு ஒட்வார் வந்தார். வழக்கமாகத் துடைப்பத்தோடு வருபவர், அன்று திருப்புளியோடு வந்தார்.

பிரேக்கரை இறக்கிவிட்டு வெளியே போனார். அந்த ஐந்து நிமிடத்தையும் பனியில் நின்று மர வீட்டின் முன்பலகைகளைக் கழற்றியே தீர்த்துவிட்டார். உள்ளே வாஃபிள் ஆறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பிரேக்கரை ஏற்றினார். வெதுவெதுவென்று காற்று வந்தது. பூட்ஸைக் கழற்றவில்லை, காபிக்கு உட்காரவும் இல்லை.

"முன்பக்கப் பலகைய எடுத்துட்டேன். நான் போனப்புறம் பம்ப் நின்னுபோகாது" என்றார்.

"அதுதான் காரணம்னு எப்பத் தெரியும்?"

"மொத வருஷமே."

ஒட்வார் கதவுப் பக்கம் திரும்பினார். கையுறையை மாட்டினார். மூன்று குளிர்காலமாக அவருக்கும் வந்துபோக ஒரு வேலை வேண்டியிருந்தது என்பது ஹெர்டிஸுக்கு அப்போதுதான் புரிந்தது.

5

கதையில் இந்த இடத்துக்கு வந்து நான் பத்து நாள் மாட்டிக்கொண்டேன். ஒரு வரைவில் மறுபடி கரன்ட்டை நிறுத்தினேன். (எங்கள் மின்வாரியம் யாருக்காவது அவ்வளவு சமயோசிதமாக உதவியதுண்டா?) இன்னொன்றில் பம்ப்பை மீண்டும் கெடுக்கப் பார்த்தேன். ஆனால் பலகை இல்லாத விசிறி நின்றுபோக நியாயமே இல்லை. மூன்றாவதில் மகள் போன் செய்து, அப்பா வர வேண்டாம் என்று...

இல்லை. மூன்றிலும் ஹெர்டிஸைப் பேசவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

ஆகவே ஒட்வாரின் கை கதவுப் பிடியில் இருக்கிறது. பம்ப் ஒழுங்காக ஓடுகிறது. அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஹெர்டிஸ் சொன்னதை மட்டும் ஒரு சொல் மாற்றாமல் தருகிறேன்.

"இந்த வீட்டுல இப்ப எந்த ரிப்பேரும் இல்ல, ஒட்வார். இருந்தாலும் பூட்ஸக் கழட்டுங்க. பெர்கனுக்குப் போகாதீங்க."