எந்த பஸ்ல வந்தீங்க?

ரத்தம் எடுக்கும் அறையில் சின்னவளுக்கு மூன்று வருடமாக நல்ல பெயர். நரம்பு கிடைக்காத கிழவர்கள்கூட அவள் நாற்காலிதான் வேண்டும் என்று காத்திருப்பார்கள். அந்த அறைக்கே மூத்தவளான பெரியக்கா, இதெல்லாம் கற்றுக்கொடுத்து வராது, பிறவிக் குணம் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். சின்னவள் வாயைத் திறக்கவில்லை.

பிறவிக் குணமாவது மண்ணாங்கட்டியாவது. அத்தனையும் பெரியக்காவைப் பார்த்து அடித்த காப்பி. தலையை ஒரு பக்கம் சாய்ப்பது, செருப்பைப் பார்த்துப் புதுசா என்பது, ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்பது. ஆள் பஸ் நம்பரை யோசிக்கிற நொடியில் ஊசி உள்ளே போயிருக்கும். குளியலறைக் கண்ணாடி முன் நின்று அந்தச் சிரிப்பைக்கூடப் பழகியிருந்தாள். அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. மனிதரிடம் பேச எந்தப் பரீட்சைத்தாளும் சொல்லித்தரவில்லையே.

அன்று காலை அதே நாற்காலியில் பெரியக்காவே வந்து உட்கார்ந்தாள். மார்பில் கட்டி, அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுக்க வேண்டிய ரத்தம். முகம் வெளுத்திருந்தது. சின்னவள் பட்டையைக் கட்டினாள், நரம்பைத் தட்டினாள். தலை தானாகச் சாய்ந்தது.

"எந்த பஸ்லக்கா வந்தீங்க?"

ஊசி தோலைத் தொடும் முன் பெரியக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னடி, என்னையே நடிச்சுக் காட்டுறியா? இந்த நிலைமையிலயா?"

சின்னவள் ஊசியைத் தாழ்த்தினாள். விளையாட்டுக்கு என்று சமாளித்தால் நோயாளியைக் கேலி செய்தவள் ஆவாள். உண்மையைச் சொன்னாலோ மூன்று வருடப் பாசமும் வேஷம் என்றாகிவிடும்.

"நடிக்கலக்கா. எனக்கு வேற பேச்சே தெரியாது. எல்லாம் உங்களைப் பார்த்து மனப்பாடம் பண்ணது."

தன் பிள்ளையையே அடையாளம் தெரியாமல் போனவள் மாதிரி பெரியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். என் அம்மா செத்தபோது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அதுவுமா என்று கேட்டாள். அதுவும்தான் என்றாள் சின்னவள்.

"அப்போ உன் வீட்ல எப்படித்தான் பேசுவீங்க?"

"கைய நீட்டு. வலிக்கும். கத்தாத. அவ்வளவுதான்க்கா."

பிறகு பெரியக்கா கையை மறுபடி நீட்டினாள்.

"அப்படியே சொல்லு. நீ யாருன்னு நான் பார்க்கணும்."

சின்னவள் சொன்னாள். அடித்தொண்டையிலிருந்து அவளைப் பெற்ற அம்மாவின் குரல் வந்தது. ஊசி ஏறியது. பெரியக்கா கத்தவில்லை, கண்ணை மூடவுமில்லை. குழாயில் ரத்தம் ஏறுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சை வைத்து அழுத்தும்போது வலித்ததா என்று கேட்க வாயெடுத்தாள் சின்னவள். அது யாருடைய கேள்வி என்று தெரியாமல் பாதியிலேயே நின்றுவிட்டாள்.