ஏழு மணிக்கு விழுந்த கோல்

சனிக்கிழமைகளில் ஐஸ் ஹாக்கி வர்ணனை ஆறேமுக்காலுக்குள் முடிந்துவிட வேண்டும். ஏழு மணிக்கு மரண அறிவித்தல். அதன் பிறகு ஐந்து நிமிடம் வீணை. பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேலே இயங்கிய அந்த இணைய வானொலியில் இந்த ஒழுங்கை மாற்றச் சொல்லிக் கேட்கும் துணிவு எவருக்கும் இருந்ததில்லை.

தாட்சாயினி இரசாயனம் படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டாள். ஒலிவாங்கி முன்னால் மட்டும் வேறு ஆள். வடபாரிஸ் நீர்நாய்கள் என்ற ஹாக்கிக் கழகத்தின் அனுமதியோடு அவர்களுடைய நேரலையைத் திரையில் பார்த்துத் தமிழில் வர்ணிப்பாள். அந்தப் பருவத்தின் முதல் ஏழு ஆட்டங்களிலும் அந்த அணி தோற்றது. அப்போது கேட்டவர்கள் பதினொரு பேர். அதில் மூன்று பேர் அவள் வீட்டார். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு அணி வெல்லத் தொடங்கியது. 2014 மார்ச்சில், கடைசி ஆட்டத்தன்று, எழுநூறு பேர் கேட்டார்கள். வென்றால் அணி மேற்பிரிவில் தங்கும்; இல்லாவிட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும்.

அன்று பார்த்துப் பனித்தரையைச் சமப்படுத்தும் வண்டி நடுவில் நின்றுவிட்டது. ஆட்டம் அரை மணி பிந்தியது.

"ஏழு மணிக்கு நிப்பாட்டச் சொல்லி உன்ரை ஆக்களுக்குச் சொல்லு," என்றார் வானொலியை நடத்தும் யோகராணி.

"அவை எங்கடை சொல்லுக் கேட்டா முதல் ஏழு மட்சும் தோத்திருப்பினமே, அக்கா?"

"பகிடி விடாதை பிள்ளை. அறிவித்தலுக்கு இடைஞ்சல் வந்தா உனக்கு அடுத்த சீசன் இல்லை."

ஏழு மணி. இரண்டுக்கு இரண்டு. இன்னும் நான்கு நிமிட ஆட்டம் இருந்தது. தாட்சாயினி ஒலிவாங்கியை விட்டு விலகினாள்.

"கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் செவ்ரானை வதிவிடமாகவும் கொண்ட புண்ணியமூர்த்தி அவர்கள்..." யோகராணி வாசித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் கோல் விழுந்தது. கீழே கடையில் ஆட்டம் பார்த்தவர்கள் கூரை பிய்ந்துபோகக் கத்தினார்கள். கத்தல் அப்படியே ஒலிபரப்பில் போனது.

யோகராணி குரல் மாறாமல் இறந்தவரின் மகன் வசந்தனின் தொலைபேசி எண்வரை வாசித்து முடித்தார். வீணையைப் போட்டார்.

"அடுத்த சீசனும் முடிஞ்சுது," என்றார்.

செத்தவீட்டார் கூப்பிட்டுக் கேட்கும்வரை காத்திருப்பது சரியில்லை என்று தாட்சாயினிக்குப் பட்டது. முன்பின் தெரியாத எவருக்கும் தொலைபேசி எடுத்திராதவள், வசந்தனின் எண்ணை அழுத்தி, யோகராணிக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"வானொலியிலையிருந்து தாட்சாயினி. அறிவித்தலுக்கை சத்தம் வந்திட்டுது. கீழை மட்ச் பாத்தவை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை."

"ஓம், கேட்டது. இஞ்சை அறுபது பேர் நிக்கினம். அறிவித்தல் கேக்கவெண்டு ரேடியோவை உரத்துப் போட்டனாங்கள்."

யோகராணி கண்ணை மூடிக்கொண்டார்.

"பெரியப்பா கேக்கிறார், கோல் ஆர் போட்டது?"

"எங்கடை ஆக்கள்தான். மூண்டுக்கு ரெண்டு. இன்னும் ரெண்டு நிமிசம் பத்து விநாடி கிடக்கு."

"பிறகேன் வீணை வாசிக்கிறியள்? அப்பாவுக்கு வீணை கண்ணிலை காட்டேலாது."

தாட்சாயினி யோகராணியைப் பார்த்தாள். யோகராணி வீணையை மெல்லக் குறைத்து நிறுத்தினார். ஒலிவாங்கியை அவள் பக்கம் தள்ளினார்.

எதிரணி தன் கோல் காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது தாக்குநரை இறக்கியது. தாட்சாயினி அவசரப்படாமல் சொன்னாள். இடப்பக்கத்திலிருந்து ஓர் அடி, நீர்நாய்கள் காப்பாளரின் முழங்காலில். மீண்டு வந்த ரப்பர் வட்டில் இன்னோர் அடி, கம்பத்துக்கு வெளியே. ஆட்டம் முடியும் மணி ஒலித்தது. நீர்நாய்கள் தங்கிவிட்டார்கள். கீழே மறுபடி கத்தினார்கள். இந்தத் தடவை யோகராணி சன்னலைத் திறந்துவிட்டார்.

பிறகு நிகழ்ச்சிநிரல் கொப்பியை எடுத்து அடுத்த பருவம் தொடங்கும் செப்டெம்பர் பக்கத்தை விரித்தார். "அறிவித்தலை முதல் இடைவேளைக்கு வைப்பம். அது எத்தினை மணிக்கு வரும்?"

"மணி சொல்லேலாது, அக்கா. ஆட்டத்தைப் பொறுத்தது."

"செத்தவீட்டுக்காரருக்கு மணி சொல்லோணும், பிள்ளை."

"முதல் இடைவேளை எண்டு எழுதுங்கோ," என்றாள் தாட்சாயினி. "இப்ப எல்லாருக்கும் விளங்கும்."