திறக்காத வால்வு

தோப்பும்படி வர்க்‌ஷாப்பில் எங்கள் வேனின் இன்ஜின் போய்விட்டது என்று சொன்னபோது, என் வீட்டுக்காரர் ரமேஷ்பாபு பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதையும் கழற்றிக்கூடப் பார்க்காமல் ஒருத்தர் சொல்கிறார், இவர் சரி சரி என்று கேட்டுக்கொள்கிறார்.

எங்கள் பிழைப்பே அந்த வேன்தான். மட்டாஞ்சேரியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, சாயாக்கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கொண்டுபோய்ப் போடுகிறோம். அரைப்பது நான், ஓட்டுவது அவர். தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து இதுதான் தொழில். வண்டி வாங்கும்போதே பழையது. சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்கும் ரகம். சூடேறினால் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். அந்த வாரம் பாலத்து நெரிசலில் மூன்று தடவை மீட்டர் முள் சிவப்புக்குப் போய், வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. உள்ளே மாவு பொங்கி மூடியைத் தள்ளி வழிந்தது. கடைசியில் தோப்பும்படியிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் போட்டோம்.

இது பிச்சை அண்ணனுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர். கத்தாருக்கு ஆள் அனுப்புகிறவர். மறுநாளே வந்து உட்கார்ந்துகொண்டார். கேன்டீனில் சமையல் வேலை, ரெண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி இல்லையென்றால் இவர் போக வேண்டியதுதான். வண்டி ஓடினால் போகவேண்டாம். அவ்வளவுதான் விஷயம்.

“நீ என்ன சொல்ற?” என்று கேட்டார் இவர்.

“உங்க இஷ்டம்,” என்றேன்.

வேறென்ன சொல்வது? போகாதீங்க என்று சொல்லிவிட்டு, அடுத்த வேளைச் சோற்றுக்கு நான் என்ன வழி காட்டுவேன்? ரெண்டு வருஷம் இந்த மனுஷனைப் பார்க்காமல் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்தாலே அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ள ரோஷம் விடவில்லை. பாத்திரங்களை டமடமவென்று வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷபானா மாவு வாங்க வந்தாள். பக்கத்துச் சந்தில் இருக்கிறாள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவள் வேனும் எங்களுடையதைப் போலவே பழையது. அவள் பேசுவது பாதி மலையாளம், பாதி எங்களோடு பழகி வந்த தமிழ்.

“இன்ஜின் போச்சுன்னு யாரு சொன்னா? ஸ்டார்ட் பண்ணு சேட்டா, நான் பாக்கட்டே,” என்றாள்.

இவர் ஸ்டார்ட் செய்தார். முள் மெதுவாக மேலே ஏறியது. அது சிவப்புக்குப் பக்கத்தில் போனதும் ஷபானா குனிந்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைப் பிடித்துப் பார்த்தாள். “ஓஃப் பண்ணு,” என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“சேச்சி, இவிடே வா. கை வெச்சுப் பாரு.”

பயந்துகொண்டே தொட்டேன். சூடே இல்லை.

“அங்க இன்ஜின் கொதிக்குது, இங்க பச்ச வெள்ளம்,” என்றாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம். “சூடு வெள்ளம் ரேடியேட்டருக்கு வரவே இல்ல. நடுவுல தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு உண்டு. இன்ஜின் சூடானா அது தானே தொறக்கணும். தொறந்தாத்தான் வெள்ளம் இங்க வந்து ஆறிட்டுப் போகும். என் வண்டிக்கும் போன மழைக்காலத்துல இதே அசுகம், இதே சீக்குதான்.”

“அப்ப இன்ஜின் போகலியா?”

அவள் ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்துப் பார்த்தாள். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை என்றாள். கலந்திருந்தால் இன்ஜின் போனதுதானாம். “வால்வு கெட்டுப் போயிருந்தா இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல சேச்சி. வால்வு நல்லா இருந்தா, அப்ப அந்த வர்க்‌ஷாப்காரன் சொன்னதுதான்.”

இன்ஜின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்க அவள் விடவில்லை. சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடுமாம். ஆறிய பிறகு கீழே இறக்கிய தண்ணீரைப் பார்த்து எனக்கே குமட்டியது. செங்கல்லைக் கரைத்த மாதிரி இருந்தது.

“எந்த வெள்ளமா ஒழிச்சது?”

எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்று கேட்கிறாள். இவர் கிணற்றைக் காட்டினார். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போடாமலே ரசம் வைக்கலாம். துணி துவைக்க, தரை கழுவ மட்டும்தான் அது. பைப் தண்ணீர் வருகிற நேரத்தில் பிடித்து வைத்து, அதை மாவுக்கு என்று மூடி வைத்திருப்பேன்.

“பைப் தண்ணியத் தொடக்கூடாதுன்னு நீதானே சொன்ன,” என்று முனகினார்.

“வண்டிக்குன்னு கேட்டா நான் குடுக்கமாட்டேனா?”

“கேக்கறதுக்குள்ள வாயத் தொறந்துடுவியே.”

ஷபானா சிரித்தாள். எனக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை.

அவள் சொல்லச் சொல்ல இவர் ரெண்டு போல்ட்டைக் கழற்றி வால்வை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். துருவும் வெள்ளை உப்பும் பிடித்துக் கிடந்தது. ஷபானா அதை ஒரு நூலில் கட்டச் சொன்னாள். அடுப்பில் பாத்திரம் வைத்துத் தண்ணீரைச் சுடவைத்து, அதற்குள் தொங்கவிட வேண்டும். தண்ணீர் கொதிக்கும் முன்பே நல்ல வால்வு திறந்துவிடும். கொதித்தும் திறக்கவில்லையென்றால் கெட்டது அதுதான்.

மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். நூலை இவர் பிடித்திருந்தார். ஒரு சாமான் கெட்டுப் போயிருக்க வேண்டும் கடவுளே என்று ஜென்மத்தில் நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். திறந்துவிடாதே, திறந்துவிடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழி கட்டியது. தண்ணீர் முனகியது. பிறகு தளதளவென்று கொதித்தது. வால்வு இறுக மூடிக்கொண்டு கிடந்தது.

“தொறக்கல,” என்றாள் ஷபானா.

“இன்னும் கொஞ்சம் பாப்போம்,” என்றார் இவர்.

எனக்கு வந்ததே கோபம். அது திறக்க வேண்டும் என்று பார்க்கிறாரா இந்த ஆள்? கத்தார் அவ்வளவு இனிக்கிறதா? திட்டுவதற்காக நிமிர்ந்தேன். அவர் கண் வால்வை விட்டு அகலவில்லை. உதடு எதையோ முணுமுணுத்தது. தண்ணீர் பாதி வற்றும்வரை அப்படியே நின்றார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“இன்ஜின் போகல, பொன்மணி,” என்றார்.

இந்த மனுஷனும் என்னைப் போலவே வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். ஷபானா புகையா என்று கேட்டாள். கேஸ் அடுப்பில் ஏது புகை.

ஷபானா தன் வேனிலேயே இவரைத் தோப்பும்படிக்கு அழைத்துப் போய், தெரிந்த கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டிப் புது வால்வு வாங்கிக் கொடுத்தாள். அதையும் அதே பாத்திரத்தில் போட்டுப் பார்த்தோம். கொதிக்கும் முன்பே, வேகிற கடுக்காச் சிப்பி வாய் திறப்பது போல மெதுவாகத் திறந்தது. அழகாக இருந்தது.

மாவுக்கு வைத்திருந்த பைப் தண்ணீரை நானே குடத்தோடு தூக்கி வந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். தெளிவாக வருகிறவரை அலசினோம். புது வால்வை மாட்டி, கடையில் வாங்கிய பச்சைக் கூலன்ட்டை ஊற்றி, உள்ளே இருந்த காற்றெல்லாம் குமிழியாக வெளியேறும்வரை மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓடவிட்டாள் ஷபானா.

“இனி இது மட்டும்தான் ஒழிக்கணும். கிணத்து வெள்ளம் ஒழிச்சா நான் மாவு வாங்க வரமாட்டேன்,” என்றாள்.

ஹோஸைத் தொட்டேன். விரல் சுட்டது. கையை உதறிக்கொண்டு சிரித்தேன்.

பிச்சை வந்தபோது இவர் முழங்கை வரை அழுக்கோடு நின்றார்.

“அண்ணே, மன்னிச்சிக்கோங்க. வண்டி சரியாயிடுச்சு. நான் வரல.”

“நல்ல வேலைடா. யோசிச்சுக்கோ.”

“யோசிச்சாச்சுண்ணே. ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க.”

பிச்சை குடித்துவிட்டுத்தான் போனார். கசப்பாக இருந்ததாம். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று பிறகுதான் பார்த்தேன்.

இருட்டும் முன் வண்டியை ஒரு தடவை பாலத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்று ரெண்டு பேரும் கிளம்பினோம். வழக்கம்போல நெரிசல். எங்களுக்கு முன்னால் ஒரு மீன் லாரி. நின்று நின்று நகர்ந்தோம். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாதியில் வந்து நின்றதுதான், அதற்கு மேல் போகவில்லை. சீட்டும் சுடவில்லை. அத்தனை நாளுக்குப் பிறகு அப்போதுதான் மூச்சை முழுசாக விட்டேன்.

“நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தேன்,” என்றார் அவர் ரோட்டைப் பார்த்தபடி.

“என்ன வார்த்தை?”

“போகாதன்னு. தினம் பாத்தேன். இஷ்டம்னுட்ட.”

நான் மறுபடி முள்ளைப் பார்த்தேன்.

“சரி விடு. அதான் வண்டி ஓடுதே,” என்றார்.

“வண்டிய விடுங்க,” என்றேன். “இது நாளைக்கே நடுரோட்டுல நின்னாலும் நீங்க போகக்கூடாது. தலையில சுமந்தாவது மாவு விப்போம். போகாதீங்க.”

பின்னால் ஹாரன் அடித்தார்கள். மீன் லாரி எப்போதோ நகர்ந்து போயிருந்தது. இவர்தான் வண்டியை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.