தொட்டித் தண்ணீர்

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், அடையாற்றில் அஃப்சருன்னிசா நடத்திய பாலர் பள்ளிக்குக் கட்டடம் என்று இருந்தது ஒரு புன்னை மரம்தான். கணவர் இறந்த பிறகு பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீடு அவளுடையது. அதன் தோட்டத்தில் பதினான்கு பிள்ளைகள் மண் குழைத்தார்கள், எறும்பின் பின்னால் போனார்கள், புன்னைக்காய் பொறுக்கி எண்ணக் கற்றார்கள். வீட்டுக்குப் போகுமுன் சிமெண்டுத் தொட்டியில் கால் கழுவுவார்கள். மத்தியானம் அந்தத் தண்ணீர் சேறாகிக் கிடப்பதைப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஆனால் சர்க்கார் அங்கீகாரம் இல்லையே! அது இல்லாத இடத்தில் படித்த பிள்ளையைப் பெரிய பள்ளியில் சேர்க்க மாட்டார்களாம். ஜூனுக்குள் அங்கீகாரம் வராவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்வதாகத் தாய்மார் சொல்லிவிட்டார்கள். விதியோ நாலு சுவரும் கூரையும் கேட்டது; பிள்ளைகளை வீட்டுக்குள் அடைக்க அவள் இணங்கவில்லை. அவள் மனுமேல் மனுப் போட்டதில், இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரம் நேரில் பார்க்க வருவதாக எழுதினார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. அவர் வருவதற்கு முதல் நாளே தாய்மாரிடம் சொல்லிவிட்டாள். நம் ஊரில் அதிகாரி வருகிறார் என்றால் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் பதினான்கும் பட்டும் ஜரிகையுமாக வந்து இறங்கின.

"என்ன மீனாட்சி இது?" என்று ஒரு தாயிடம் கேட்டாள்.

"இன்ஸ்பெட்டரு வராரு, கந்தலோட அனுப்பச் சொல்றியா டீச்சரம்மா? அழுக்காச்சுன்னா தோலை உரிச்சிடுவேன்னு சொல்லிக்கீறேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள் மீனாட்சி.

பஞ்சாட்சரம் நல்ல மனிதர். "சுவர் இல்லாட்டாப் போகட்டும்மா. விதிவிலக்குக் கேட்டு நானே எழுதறேன். வெளியில பிள்ளைங்க என்ன கத்துக்கிறாங்கன்னு மட்டும் காட்டுங்க" என்றார்.

ஒன்றாவது அசைந்தால்தானே! கொலு பொம்மைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. "மண்ணுல ஆடுங்க கண்ணு" என்று அவள் கெஞ்சினாள். மீனாட்சியின் மகள் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "அம்மா அடிக்கும்" என்றாள்.

ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பஞ்சாட்சரம் குடையை எடுத்தார். "பிள்ளைங்களை வெயில்ல சும்மா உக்கார வைக்கிறதுக்கு நான் என்னன்னு எழுதட்டும்மா?"

"தினம் இப்படி இல்லீங்க" என்றாள். யார் நம்புவார்?

பத்தாம் நாள் மறுப்புக் கடிதம் வந்தது. ஜூன் பிறந்ததும் பதினான்கு பேரும் மயிலாப்பூரில் சுவர் வைத்த பாலர் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். யாரையும் நோக அவளுக்கு மனமில்லை. தன் வாயைத்தான் நொந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை, பழக்கதோஷத்தில் தொட்டியை நிரப்பிவிட்டாள். மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தாள். ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே, அடித்தரை தெரியத் தெளிந்து கிடந்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.